பதினோராம் கேள்வி

அத்தியாயம் – 9

"இது உங்க கையெழுத்துதானே?"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்ததும், பெரியவள் குனிந்துகூடப் பார்க்காமல் "ஆமாம்" என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாளில் அவள் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கே இல்லை. மருத்துவச் சான்றிதழுக்கு ஒன்று, குளிர்பெட்டிக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, இந்த மயானத்துக்கு மட்டும் ஐந்து.

"அப்ப ஒருதரம் படிச்சுக் காட்டிடறேன். உள்ளே அனுப்பறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டணும்னு விதி."

பேசியவர் எரியூட்டும் உலையை இயக்குபவர். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. காக்கி மேலங்கிப் பையின் மேல் 'ஆபரேட்டர்' என்று தைத்திருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

அப்பா போய் இது மூன்றாம் நாள். செவ்வாய்க்கிழமை காலை செய்தித்தாளை மடித்து வைத்து, "கொஞ்சம் படுக்கறேன்" என்று உள்ளே போனவர் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் எதற்கெல்லாம் முட்டிக்கொண்டார்கள் என்பது இந்தக் குடும்பத்தோடு கூடவே வருபவர்களுக்குத் தெரியும். எந்தப் புகைப்படம், எந்த வேட்டி, யாருக்கு முதலில் சொல்வது, யாருக்குச் சொல்லவே கூடாது. முந்தின நாள் சாயங்காலம் பேச்சு நின்றுபோய், இருவரும் அம்மா வழியாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். "உன் பிள்ளைகிட்ட வண்டி பத்து மணிக்குன்னு சொல்லும்மா." "உன் பொண்ணுகிட்ட எனக்குக் காது கேக்கும்னு சொல்லும்மா."

பெரியவள் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறவள். ஒரு வண்டி நாலு நிமிடம் தாமதமானால் எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் மழையில் நிற்பார்கள் என்று சொல்லிவிடுவாள். சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடமாகக் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, ஆன்மா எங்கே போகிறது என்று சொற்பொழிவு கேட்டுக்கொண்டே லிஃப்ட் கம்பிக்கு எண்ணெய் போடுகிறான். அப்பா இறந்ததிலிருந்து கேட்டதையெல்லாம் கொட்டித் தீர்க்கிறான்.

"உயிர் இங்கயேதான் சுத்திக்கிட்டிருக்கும்கா. எரிச்சதுலேருந்து பத்து நாள். ஒவ்வொரு நாள் வைக்கிற பிண்டத்துக்கும் ஒவ்வொரு உறுப்பு புதுசா வரும். முதல் நாள் தலை. ரெண்டாம் நாள் கழுத்து, தோள். மூணாம் நாள் நெஞ்சு..."

"பத்தாம் நாள்?"

"அன்னிக்குத்தான் பசியும் தாகமும் வரும்."

சாப்பிட உட்கார்ந்தவளுக்கு இதையெல்லாம் சொன்னால் எரிச்சல் வராதா? வந்தது. ஆனாலும் போட்டவர் யாரோ, அட்டவணையை ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார் என்று அவளுக்குள் ஒரு மூலையில் தோன்றாமல் இல்லை.

மயானத்தில் அவர்களுக்குக் கொடுத்திருந்த நேரம் பதினொன்றே முக்கால். இப்போது பதினொன்று இருபத்தைந்து. அப்பாவைச் சுமந்த தள்ளுவண்டி தண்டவாளத்தில் ஏறித் திரைக்கு உள்ளே போய்விட்டது. கூடத்தில் நாற்பது பேர். திரைக்கு முன்னால் புரோகிதர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏழு. மோதிரம், சங்கிலி, அரைஞாண். இல்லை. எட்டு. கண்ணாடிச் சாமான், பாட்டில். இல்லை. ஒன்பது..." ஆபரேட்டர் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் பேனா முனையை வைத்து எடுத்தார். "பதினொண்ணு. உடம்புக்குள்ள பேஸ்மேக்கர், பேட்டரி வெச்ச கருவி ஏதாவது. இல்லைன்னு போட்டிருக்கு. சரி."

அவர் கை முத்திரைக் கட்டையை எடுத்தது.

பெரியவளுக்கு அந்த 'இல்லை' சட்டென்று உறைக்கவில்லை. ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அப்பாவுக்கு இடது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு தீப்பெட்டி அளவுக்குப் புடைப்பு. வைத்து நாலு வருடம். 'நம்ம வீட்டுல வாடகை குடுக்காம குடியிருக்கறவன்' என்பார் அதை. செய்தி பார்க்கும்போது கட்டைவிரல் தானாக அதன்மேல் போய் உட்காரும்.

ஒருவேளை இறுதிச் சடங்கு ஏற்பாட்டுக்காரர்களே எடுத்துவிட்டார்களோ? அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு நிற்பானே, அதே நிற்பு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது, "இந்த ஃபாரத்தை நான் ஃபில்லப் பண்ணிட்டேன், கையெழுத்து மட்டும் போடு" என்று அம்மா வழியாக நீட்டியது இதைத்தான்.

"டேய்..."

"அக்கா, பேசாம இரு" என்றான், உதடு அசையாமல்.

பின்னாலிருந்து அத்தை முதுகில் இடித்தாள். அப்பாவின் தங்கை. காலையிலிருந்து ஒரு நிமிடம் வாய் ஓயவில்லை. "என்னடி யோசனை? சரின்னு சொல்லித் தொலையேன். நல்ல நேரம் போயிடப் போகுது."

சரி என்று சொல்லிவிட்டால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். நாற்பது பேர் வீட்டுக்குப் போவார்கள். அம்மா படுப்பாள். முத்திரைக் கட்டை காகிதத்துக்கு மேலே ஓரடி உயரத்தில் இருந்தது.

"இருக்கு" என்றாள் பெரியவள். "பேஸ்மேக்கர் இருக்கு. எடுக்கலை."

ஆபரேட்டர் கட்டையைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்திலிருந்த தொலைபேசியை எடுத்து, "ரெண்டாம் உலையை நிறுத்து. நாலாம் நம்பரை வெளியே கொண்டா. இப்பவே" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் பெரியவளுக்கு இன்னும் காது சூடாகிறது. திரை விலகியது. உள்ளே போன தள்ளுவண்டி கிறீச்சிட்டபடி பின்னோக்கி வந்தது. புரோகிதர் மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். அத்தை தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, போனவரைத் திருப்பிக் கூப்பிடறாங்களே!" என்று அலறினாள். யாரோ ஒருவர் "உயிர் இருக்கா?" என்று கேட்டு, அது கூடத்தின் கடைசி வரிசைக்குப் போவதற்குள் "உயிர் இருக்காம்!" என்று மாறிவிட்டது.

"உயிரெல்லாம் இல்லை! உட்காருங்க எல்லாரும்!" என்று கத்தினாள் பெரியவள். அப்பாவின் சாவில் அத்தனை பேர் முன்னால் அவள் குரல் உயர்த்திச் சொன்ன ஒரே வாக்கியம் இதுவாக அமைந்ததில் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆபரேட்டர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். "கையெழுத்து உங்களோடது."

"நான் படிக்கலை."

"படிக்காம எதுக்குங்க கையெழுத்து போடறீங்க?"

பணிச்சீட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் டிரைவர்களிடம் அவள் தினமும் கேட்கும் கேள்வி அது.

பதினொன்றே முக்காலை அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இவர்களுக்கு நாலேகால். அதுவும் ஏற்பாட்டுக்காரர்களின் டெக்னீசியன் வந்து கருவியை எடுத்த பிறகுதான். அவர் வேறெங்கோ வேலையில் இருந்தார், இரண்டு மணிக்கு மேல்தான் வர முடியும். நாற்பது பேரும் 'பரவாயில்லை, பரவாயில்லை' என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் எட்டுப் பேர் மிஞ்சினார்கள்.

புரோகிதரும் பையை எடுத்தார். "இன்னொரு வீட்டுல ஒரு மணிக்கு ஒத்துக்கிட்டிருக்கேன். முடிச்சுட்டு மூணரைக்கு வந்துடறேன்."

அத்தை வழியை மறித்தாள். "சாமி, ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. உடம்பை வெட்டிட்டு எரிச்சா அடுத்த பிறவியில நெஞ்சுல ஊனத்தோட பிறப்பாங்களாமே?"

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க."

"அந்த எல்லாரையும் என்கிட்ட அனுப்பி வைங்க." பையைத் தோளில் மாட்டினார். "சாஸ்திரத்துல பேட்டரியைப் பத்தி ஒண்ணும் சொல்லலைம்மா. ஆனா இது அக்னிக்குக் குடுக்கற கடைசி ஆகுதி. ஹோமத்துல போடற அரிசியில கல் கிடந்தா பொறுக்கிட்டுத்தானே போடறோம்? கல்லையும் சேர்த்துப் போடுன்னு எந்த சாஸ்திரமும் சொல்லலை."

அத்தைக்குத் திருப்தியில்லை. ஆனால் அவர் படியிறங்கிவிட்டார்.

தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தம்பியைப் பிடித்தாள் பெரியவள். காகித டம்ளரைத் தண்ணீர் நிரப்பாமலே நசுக்கிக்கொண்டிருந்தான்.

"மறந்துட்டியா, வேணும்னே போட்டியா? அதை மட்டும் சொல்லு."

"வேணும்னேதான்."

"ஏன்டா?"

"அப்பாவுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"என்ன சத்தியம்?"

"நாலு வருஷம் முன்னாடி. நீ புது ரூட் போடறேன்னு ஆபீஸ்லேயே கிடந்த. ஆபரேஷனுக்கு நான்தான் கூடப் போனேன். உள்ளே தள்ளிக்கிட்டுப் போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டார். விடவே இல்லை. 'இதோட சரி, இனிமே என்னை யாரும் வெட்டக் கூடாது, செத்தாலும் கூடாது'ன்னார். நான் சிரிச்சுக்கிட்டே சரிப்பான்னேன். 'சிரிக்காம சொல்லு'ன்னார். சிரிக்காம சொன்னேன்."

பெரியவள் சுவரில் சாய்ந்தாள். "இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

"ஏற்பாட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணி எடுக்கச் சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லலை."

அவள் ஓரடி முன்னால் வந்தாள். "உள்ளே போனா வெடிக்கும்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும். படிச்சேன். சின்னதாத்தான் வெடிக்கும்னு..."

"சின்னதா!" அவள் குரல் உயர்ந்து, எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறு குடும்பத்தைப் பார்த்துத் தாழ்ந்தது. "லிஃப்ட்ல வேலை பார்க்கறப்ப மெயினை அணைச்சுட்டு 'தொடாதே'ன்னு ஒரு அட்டை தொங்கவிடறியே. அதை எவனாவது கழட்டிப் போட்டுட்டு, சின்ன ஷாக்தானேன்னு சொன்னா என்னடா பண்ணுவ?"

சின்னவன் டம்ளரை இன்னும் நசுக்கினான். அவனோடு வேலை பார்த்தவர் ஒருவருக்கு அப்படி ஒரு அட்டை இல்லாமல்தான் மூன்று விரல் போயிற்று. அது அக்காவுக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"இருபது நிமிஷமா ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கிட்டிருக்கீங்க" என்று ஒரு குரல். "என் வேலை மிச்சம்."

அம்மா வந்து நின்றிருந்தாள். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். எவ்வளவு பெரிய கலவரத்திலும் அவள் குரல் 'லைன்ல இருங்க' என்று சொல்லும் உயரத்தைத் தாண்டாது.

"அப்பா உன்கிட்ட சத்தியம் வாங்கினது எனக்குத் தெரியும்டா."

சின்னவன் நிமிர்ந்தான்.

"என்கிட்டயும் வாங்கினார். டாக்டர்கிட்ட வாங்கினார். பக்கத்து பெட்ல இருந்தவர்கிட்டகூட வாங்கினார், பாவம், அந்த ஆள் அடுத்த மாசமே போயிட்டார். உங்க அப்பாவுக்கு ஊசின்னாலே நடுங்கும். கல்யாணமான புதுசுல தடுப்பூசி போட வந்தவங்களைப் பார்த்துட்டு பின்பக்கமா ஓடினவர்."

"அம்மா, விளையாடாதே."

"விளையாடலை. பயந்தது உசிரோட இருந்த மனுஷன். இப்ப அவர் அந்த உடம்புக்குள்ள இல்லை, இல்லைன்னு ரெண்டு நாளா வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தது யாரு?"

"நான்தான்."

"மூணாம் நாள் புது நெஞ்சு வரும்னு சொன்னது?"

"நான்தான்மா."

"அப்ப புது நெஞ்சுக்கு எதுக்குப் பழைய பேட்டரி? உள்ளே இல்லாதவருக்கு எப்படி வலிக்கும்?"

"வலிக்காது. அது எனக்குத் தெரியும்." அவன் குரல் உடைந்தது. "வெளியில நின்னு பார்த்துக்கிட்டிருப்பாரேம்மா. நான் குடுத்த வாக்கை நானே கையெழுத்துப் போட்டு மீறறதை நின்னு பார்ப்பாரே. அதுக்குத்தான் பயமா இருக்கு."

பெரியவளுக்குச் சண்டையின் பிடி கையிலிருந்து நழுவிவிட்டது. அவன் சொற்பொழிவு கேட்டுவிட்டு ஒப்பிக்கிறான் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தாள். அவன் அதையெல்லாம் உண்மையாகவே நம்புகிறான். நம்பிக்கொண்டுதான் இந்தக் கூடத்தில் எங்கோ ஒரு மூலையில் அப்பா நிற்பதாக நினைத்துக் காலையிலிருந்து தலை குனிந்து நடக்கிறான்.

அம்மா முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

"இருக்காரோ இல்லையோ, அது எனக்குத் தெரியாது. இருந்தா, உன்னை மட்டுமா பார்ப்பார்? உலை வாசல்ல வேலை செய்யறாங்களே அந்த அம்மா, அவங்க முகத்தையும் பார்ப்பார். எனக்கு வலிக்கும்னு சொன்னவர்தான் அவர். எனக்காக இன்னொருத்தருக்கு வலிக்கட்டும்னு ஒரு நாளும் சொன்னதில்லை. போ. முதல்ல அவங்ககிட்ட மன்னிப்பு கேளு. அப்பாகிட்ட அப்புறம் கேட்டுக்கலாம்."

ஆபரேட்டர் பின்பக்க அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். சின்னவன் வாசலில் நின்று, "மன்னிச்சுடுங்க. அந்தக் கட்டத்துல டிக் போட்டது நான்தான்" என்றான். பெரியவள் பின்னால் நின்றாள்.

ஆபரேட்டர் டப்பாவை மூடினார். கொக்கியில் தொங்கிய டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்றார்.

முதலாம் உலை அன்றைக்கு ஓடவில்லை. பராமரிப்புக்காக ஆறவிட்டிருந்தார்கள். கனத்த கதவை அவர் மேலே தூக்கிவிட்டு உள்ளே வெளிச்சம் அடித்தார். செங்கல் வரிசை. ஓரத்தில் கையளவு பெயர்ந்து, புதுச் சாந்து பூசிய இடம் வெளுப்பாகத் தெரிந்தது.

"போன வருஷம். அவங்களும் இல்லைன்னுதான் எழுதிக் குடுத்தாங்க." அவர் கதவின் நடுவிலிருந்த சின்னத் துவாரத்தைக் காட்டினார். "எப்படி எரியுதுன்னு இது வழியாத்தான் பார்ப்போம். அன்னிக்கு என்னோட வேலை பார்த்தவர் பார்த்துக்கிட்டிருந்தார். வலது கண்ணு. இப்ப ஆபீஸ்ல சீல் குத்தற வேலை குடுத்திருக்காங்க. அவருக்கு அது பிடிக்கலை. என்ன பண்றது?"

சின்னவன் குனிந்து அந்தத் துவாரத்தைப் பார்த்தான். பெயர்ந்த செங்கல்லை விரலால் தொட்டான். "இதுல முன்னாடி வெறும் கண்ணாடிதானா? தடுப்பு மூடி எதுவும் இல்லையா?"

"அப்ப இல்லை. அதுக்கப்புறம்தான் போட்டாங்க."

"கீல் ஒரு பக்கம் தளர்ந்திருக்கு. இறுக்கணும்."

ஆபரேட்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "என்ன வேலை பார்க்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"நீங்களா இப்படிச் செஞ்சீங்க?"

செங்கல்லைக் காட்டியபோதுகூட அவன் தாங்கிக்கொண்டான். இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ரிப்போர்ட் எழுதறப்ப என் பேரை எழுதுங்க. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

"கையெழுத்து யாருதோ அவங்க பேரைத்தான் எழுத முடியும்."

"எழுதுங்க" என்றாள் பெரியவள். "படிக்காம போட்டது நிஜம்."

வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். அதன் கீழே தம்பியும் நான்கு வரி எழுதினான். மூன்று எழுத்துப் பிழை இருந்தது. அவள் பேனாவை எடுத்துத் திருத்தப் போனவள், விட்டுவிட்டாள்.

இரண்டரை மணிக்கு டெக்னீசியன் வந்து சேர்ந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கையில் ஒரு சின்னப் பை. "குடும்பத்துல ஒருத்தர் சம்மதம் குடுக்கணும். கூட நிக்கணும்னு கட்டாயமில்லை. பத்து நிமிஷ வேலை."

"நான் குடுக்கறேன். நிக்கவும் நிக்கறேன்" என்றான் சின்னவன்.

"டேய், வேண்டாம்டா" என்றாள் பெரியவள். "நான் போறேன்."

"அன்னிக்கு உள்ளே அனுப்பினதும் நான்தான்கா."

அவன் காகிதத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை படித்தான். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது.

வெளியே அத்தை ஆரம்பித்தாள். "எங்க அண்ணனுக்கு இந்தக் கதியா? எங்க காலத்துல இப்படியெல்லாம் உண்டா? போனாங்கன்னா போனாங்க, முழுசாப் போனாங்க. அண்ணி, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டேன்" என்றாள் அம்மா.

"என்ன சொன்னீங்க?"

"எடுக்கச் சொன்னேன்."

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். அங்கேயிருந்தும் பேச்சு கேட்டது, கொஞ்சம் தூரத்திலிருந்து.

பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. சின்னவன் வெளியே வந்து அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நாலு தையல் போட்டாங்க. செத்தவர்தானேன்னு ஏனோதானோன்னு போடலை. ஒவ்வொண்ணா, பொறுமையா. சட்டை போட்டா வெளியே தெரியாது."

"ம்."

"கையை அவர் கையிலதான் வெச்சிருந்தேன். முடிஞ்சிடும்பா, இதோ முடிஞ்சிடும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொன்ன மாதிரியே. அந்தப் பொண்ணு என்ன நினைச்சுதோ தெரியலை. ஆனா அவளும் கடைசியில, 'முடிஞ்சிடுச்சுங்க ஐயா'ன்னு அப்பாகிட்டயே சொன்னா."

அவன் சட்டைக் காலர் பின்பக்கம் மடங்கியிருந்தது. பெரியவள் அதை நீவிவிட்டாள்.

நாலு மணிக்கு மறுபடியும் கண்ணாடித் தடுப்பு. புதுக் காகிதம். ஆபரேட்டர் படிக்கப் படிக்க, இந்த முறை அவள் ஒவ்வொரு வரியையும் விரலால் தொடர்ந்து வந்தாள்.

"பதினொண்ணு. பேஸ்மேக்கர்."

"இல்லை" என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில்.

முத்திரை விழுந்தது.

மூன்றரைக்கு வருவதாகச் சொன்ன புரோகிதர் நாலு பத்துக்கு மூச்சு வாங்க ஓடி வந்தார். எட்டுப் பேர் தள்ளுவண்டியைச் சுற்றி நின்று வாயில் அரிசி போட்டார்கள். அம்மா போடும்போது என்னவோ முணுமுணுத்தாள். யாருக்கும் கேட்கவில்லை. சின்னவன் நெஞ்சின்மேல் கற்பூரத்தை ஏற்றி வைத்தான். திரை விலகியது, வண்டி உள்ளே போயிற்று, கதவு இறங்கியது. சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை ஆபரேட்டர் காட்ட, அவன் அமுக்கினான். உள்ளே ஒரு பெரிய மூச்சு கிளம்பியதுபோல் சத்தம் வந்தது.

பெரியவள் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்தாறு. பதினோரு நிமிடம் தாமதம். யார் மேலும் குறை சொல்லத் தோன்றவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, மூன்று நாளில் முதல்முறையாக, நின்றுகொண்டே. தம்பி பக்கத்தில் வந்து நின்றான். அவனும் அழுதான். அம்மா இருவர் முதுகிலும் ஒவ்வொரு கையை வைத்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது ஆபரேட்டர் ஒரு சீட்டை நீட்டினார். "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு அஸ்தி வாங்கிக்கலாம். கலசம் ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு" என்றான் சின்னவன்.

"ரெண்டு" என்றாள் அம்மா.

"எதுக்கும்மா ரெண்டு?"

"ரெண்டுன்னு எழுதிக்குங்க" என்று ஆபரேட்டரிடம் சொன்னாள் அம்மா. "நானும் உங்களை மாதிரி ஆபரேட்டர்தான். டெலிபோன்ல. இன்னிக்கு உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டோம்."

"நீங்க எவ்வளவோ பரவாயில்லைம்மா" என்றார் அவர். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். "திருப்பி எடுக்கச் சொல்லி வாயைத் திறந்தாங்களே உங்க பொண்ணு. திறக்கறவங்க கம்மி."

காரைப் பெரியவள் ஓட்டினாள். பக்கத்தில் சின்னவன். பின்னால் அம்மாவும் அத்தையும். அத்தை ஜன்னல் கண்ணாடியை இறக்கியபடி, வீட்டுக்குப் போனதும் யார் முதலில் குளிக்க வேண்டும், விளக்கை எங்கே வைக்க வேண்டும், எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு கலசம் எதுக்கும்மா?" என்று திரும்பிக் கேட்டான் சின்னவன். "கரைக்கறது ஒரே இடத்துலதானே?"

"ஒண்ணு நாம கரைக்கறதுக்கு. இன்னொண்ணு உங்க பெரியப்பாகிட்ட குடுக்கறதுக்கு."

பெரியவள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

"எந்தப் பெரியப்பா?" என்றாள் பெரியவள். "அப்பாவுக்கு அண்ணனே கிடையாதே?"

"இருக்கார். தூரத்துலகூட இல்லை. உன் பதினெட்டாம் நம்பர் பஸ்ஸோட கடைசி ஸ்டாப்புலதான். அப்பா ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் போய்ப் பார்த்துட்டு வருவார். பாதி சாம்பல் அண்ணன் கையால கரையணும்னு என்கிட்ட கேட்டுக்கிட்டார். அவர் என்கிட்ட வாங்கின நிஜமான சத்தியம் அதுதான், மத்ததெல்லாம் பயத்துல வாங்கினது."

பெரியவள் கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அத்தையின் வாய் பாதித் திறந்தபடி நின்றுவிட்டிருந்தது.

"ஏம்மா இத்தனை வருஷம் எங்ககிட்ட சொல்லலை?"

"என்னைக் கேக்காதே. உங்க அத்தையைக் கேளு. அவளுக்காகத்தான் நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை."

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கை கதவுப் பிடியைத் தேடியது.

"வண்டியை நிறுத்துடி" என்றாள். "நான் இங்கேயே இறங்கிக்கறேன்."